சூடுள்ள அறை

நாலு கண்ணாடிப் பெட்டிகளில் கதவடியில் இருந்த பெட்டி மட்டும் மற்றவற்றைவிட வேகமாகக் குளிர்ந்துகொண்டிருந்தது.

பெனிற்றா அதை முதலில் நம்பவில்லை. கரண்ட் போய் அரை மணித்தியாலம்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் நாலு மணி. லண்டன் எட்மண்டனில் வெளிச்சம் அதற்குள் சாம்பல் பூத்துவிட்டது. எதிர்ச்சாரி வீட்டுக் கூரைகளில் காலையில் விழுந்த பனி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஒரு வீட்டிலும் விளக்கில்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் கழித்துவிட்ட, வெப்பம் பார்க்கிற துவக்கு ஒன்று அவள் கையில் இருந்தது. விசையை அமர்த்தினால் ஒரு சிவப்புப் பொட்டு போய் விழும். அது விழுந்த இடம் எத்தனை பாகை என்று பின்பக்கத்துச் சின்னத் திரையில் இலக்கம் வரும். யன்னலடிப் பெட்டி இருபத்தாறு. அடுத்தது இருபத்தைந்து. அதற்கடுத்ததும் இருபத்தைந்து. கதவடிப் பெட்டி பதினேழு.

குளிர் வருகிற வழி யன்னல். கதவு வீட்டுக்குள்ளே திறப்பது. குளிர்வதென்றால் யன்னலடிப் பெட்டிதான் முதலில் குளிர வேண்டும்.

கதவடிப் பெட்டியில் இருந்தது மதலேனா, நாலடி நீளமான மலைப்பாம்பு. நத்தார்ப் பண்டிகைக்கு முன் அதற்கு நெஞ்சில் சளி கட்டி, வாயைத் திறந்தபடி சீழ்க்கை போல மூச்சு விட்டு, மூன்று கிழமை ஊசி போட்டுத்தான் தப்பியது. "இன்னொருக்காக் குளிர் பிடிச்சா இது தாங்காது மாமி," என்று தர்மிகா சொல்லியிருந்தாள். தர்மிகா பெனிற்றாவின் அண்ணை மகள். மிருக வைத்தியசாலை ஒன்றில் தாதியாக இருக்கிறாள், வீடு அப்டன் பார்க்கில். சொந்தத்துக்குள் இந்தப் பிராணிகளைக் கையில் தூக்குகிற ஒரே ஆள் அவள்தான்.

மற்றவர்கள் கிட்டவும் வருவதில்லை. கோயிலில் பூசை முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் பெண்கள் அவளுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை இடம் விட்டே இருப்பார்கள். ஒரு பாம்பு, ஒரு தாடி ஓணான், இரண்டு புள்ளிப் பல்லிகள், எல்லாம் யாரோ வேண்டாமென்று கைவிட்டவை. மதலேனா இருந்தது பெனிற்றா இருபது வருடமாக வேலை செய்கிற பாடசாலை ஆய்வுகூடத்தில். பாம்பை அகற்றச் சொல்லி அதிபர் கடிதம் அனுப்பிய அன்று பின்னேரம் அதைத் தலையணை உறையில் போட்டு, மடியில் வைத்து, பஸ்ஸில் கொண்டுவந்தாள். ஆசீர் கொடுப்பதுபோல முன்காலைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிற ஓணானுக்கு, ஆயரைக் கூப்பிடுவதுபோல, ஆண்டகை என்று பேர் வைத்தாள். அது கோயில் முழுக்கக் கதையானது. பேரை மாற்றச் சொன்னார்கள். அவள் மாற்றவில்லை. "நானோ பாம்போ, முடிவெடு," என்று கணவன் ஜெராட் கேட்டபோது மரியாதைக்காக ஒரு நாள் யோசித்தாள். ஜெராட் இப்போது டூட்டிங்கில், தமையன் வீட்டில் இருக்கிறான்.

மின்சாரக் கம்பனிக்கு அடித்தபோது பதிவுசெய்த குரல் ஒன்று, எட்டரைக்குள் திருத்தப்படும் என்று எதிர்பார்க்கிறோம் என்றது. எட்டரை. நாலரை மணித்தியாலம். ஏலும் என்று பெனிற்றா கணக்குப் போட்டாள். வீட்டை வெப்பமாக்குகிற கொதிகலன் காஸில்தான் வேலை செய்யும், ஆனால் அதை ஓட்டுவதற்குக் கரண்ட் வேண்டும்; அது செத்துவிட்டது. குசினி அடுப்பு அப்படியல்ல. நெருப்புக்குச்சியால் கொளுத்தினால் எரியும். சுடுதண்ணிப் பைகள் ஆறு இருந்தன. கிறீன் ஸ்றீற் மீன்கடையில் கேட்டு வாங்கிய, மீன் வருகிற வெள்ளை நுரைப்பெட்டி ஒன்று இருந்தது. கம்பளிகள் இருந்தன.

"வாங்கோடி பாப்பம்," என்று சொல்லிக்கொண்டு சட்டைக் கையை மடித்தாள்.

கட்டில் மெத்தையை இழுத்து யன்னலோடு சாத்தினாள். பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்துப் பைகளை நிரப்பினாள். பல்லிகள் இரண்டையும் ஐஸ்கிறீம் டப்பாக்களில் ஈரமில்லாத கடதாசி போட்டு விட்டாள். குளிருக்கு ஆண்டகையின் தாடி கரிக்கறுப்பாகியிருந்தது. அவரைப் பழைய கம்பளித் தொப்பிக்குள் வைத்தாள். மதலேனாவைத் தூக்கியபோது உள்ளங்கையில் அந்தக் குளிர் ஒட்டியது, ஈரக் கயிறு ஒன்றைத் தூக்குவதுபோல. பாம்பு கையைச் சுற்றவில்லை. தலையை மட்டும் மெல்லத் திருப்பிக் கதவைப் பார்த்தது. நாக்கை நீட்டவேயில்லை.

எல்லாவற்றையும் நுரைப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிவரச் சுடுதண்ணிப் பைகளை அடுக்கி, பெட்டியை அறையின் மறுபக்கம், பழைய புகைபோக்கிச் சுவரோரம் கொண்டுபோய் வைத்தாள். கம்பளியால் மூடினாள். பெட்டிக்குள் இருபத்தெட்டு பாகை. இரண்டு மெழுகுதிரி கொளுத்திப் புத்தக அலுமாரியில் வைத்தாள். அறை மெழுகும் மீனும் கம்பளியும் மணத்தது. வெற்றி மணம்.

அப்போதுதான் கீழே அந்தச் சத்தம் கேட்டது.

கீழ்த்தளத்து வீடு ஐப்பசியிலிருந்து வெறுமையாக இருந்தது. சொந்தக்காரர் தளப் பலகைகளைக் கழற்றித் திருத்த வேலை செய்வித்துக்கொண்டிருந்தார். ஆனால் கேட்டது வேலைச் சத்தம் இல்லை. யாரோ நடக்கிற சத்தமும் இல்லை. கனநேரம் நின்றுகொண்டிருப்பவர்கள் ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்குப் பாரத்தை மாற்றும்போது பலகை முனகுமே, அது. ஒரு இடத்தில் முனகியது. பிறகு வேறொரு இடத்தில். பிறகு இன்னொரு இடத்தில்.

ஐந்து மணிபோல வீட்டுச் சொந்தக்காரர் பத்ரிநாராயணனே தொலைபேசி எடுத்தார். கும்பகோணத்துக்காரர், லண்டனுக்கு வந்து முப்பது வருடம்.

"என்னம்மா, கரண்ட் இல்லையாமே. குழாயை லேசாத் திறந்து விடுங்க, இல்லேன்னா உறைஞ்சு வெடிச்சிடும்."

"திறந்து விட்டிருக்கிறன். கீழ ஆரும் இருக்கினமோ? ஆக்கள் நிக்கிற சத்தம் கேக்குது."

"கீழ யாரும் இல்லைம்மா. வேலைக்காரங்களே பத்து நாளா வரல. தரையைத் திறந்ததிலேருந்து ரொம்பக் குளிருது, எங்களால முடியலைன்னு சாமானை விட்டுட்டுப் போயிட்டாங்க. எலியா இருக்கும். ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் குளிர்ல அந்த ஜந்துக்கள் போயிடுச்சுன்னா அதோட விட்டுடுங்க. நானும் வீட்டைக் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்."

"அதுகள் சாகாது," என்றாள் பெனிற்றா.

"இல்ல, நான் என்ன சொல்றேன்னா…"

"நான் இருக்குமட்டும் சாகாது. வைக்கிறன்."

தொலைபேசியில் பற்றரி இருபது வீதம் காட்டியது. தர்மிகாவுக்கு அடித்தாள். தர்மிகா கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. "என்னட்டைப் பெரிய பற்றரி ஒண்டு இருக்கு, காம்பிங் போக வாங்கினது. ரெண்டு ஹீற் பாட் ஓடும். ரோட்டெல்லாம் ஐஸ், மெல்லத்தான் வருவன். உங்கட வாசல் திறப்பு என்னட்டை இருக்குத்தானே. நீங்கள் கீழ இறங்காதேங்கோ," என்றாள்.

ஆறு மணிக்குப் பைகளை மாற்ற வேண்டியிருந்தது. பெனிற்றா குசினிக்குப் போனாள். அறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு சின்ன நடை. நடையின் முடிவில் மாடிப்படிக்குத் திறக்கிற கதவு. பானை கொதித்ததும் அறைக்குக் கொண்டுபோக எடுத்தாள். பாரமாக இருந்தது. கைப்பிடித் துணி வழுக்கியது. சரியாகப் பிடிக்கவென்று நடையில், படிக்கதவுக்கு முன்னால், பானையை நிலத்தில் வைத்தாள். திரும்பவும் குசினிக்குப் போய் வேறு துணி எடுத்துக்கொண்டு வர ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

பானையிலிருந்து ஆவி வரவில்லை.

குனிந்து விரலை வைத்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் ஆழமாக வைத்தாள். முழங்கை வரை விட்டாள். பச்சைத் தண்ணீர். குளத்துத் தண்ணீர் போல, அடியில் இன்னும் குளிர். ஒரு நிமிடத்துக்கு முன் கொதித்துத் துள்ளிய தண்ணீர்.

சட்டைப் பையிலிருந்த துவக்கை எடுத்துப் படிக்கதவில் பிடித்தாள். கதவின் மேல்பகுதி ஐந்து. கைப்பிடி சைபர். அதற்குக் கீழே, நிலத்தோடு சேர்ந்த இடத்தில், சய நான்கு, சைபருக்குக் கீழே நாலு. கதவின் கீழ் இடைவெளியால் ஒரு மணம் வந்தது. கனகாலம் பூட்டியிருந்த நிலவறையின் ஈர மண் மணம். அதற்குள் பழைய துணி மணம், கழுவாத தலைமயிர் மணம்.

பயம் வந்தது. அவள் அதை மறைக்கவில்லை. ஆனால் பயத்துக்குள்ளேயே கோபமும் வந்தது. நாலு பானைத் தண்ணீர் கொதிக்க வைக்கிற நேரம் அவளுக்கில்லை.

"என்ர சுடுதண்ணி," என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். "என்ர காஸ்."

கதவின் மறுபக்கம் முனகியது. ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு.

குசினிக்குப் போய் மறுபடி கொதிக்க வைத்தாள். இந்தமுறை பானையை எங்கும் வைக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சட்டை நனைய, ஒரே ஓட்டமாக நடையைக் கடந்து அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பைகளை மாற்றினாள். அதே ஓட்டமாகப் போய்ப் பானையை நிரப்பித் திரும்ப அடுப்பில் ஏற்றிவிட்டு வந்தாள். பெட்டி இருபத்தேழு. ஆண்டகை கண்ணைத் திறந்து மூடினார். மதலேனா மட்டும் அசையவில்லை. காதை வைத்துக் கேட்டாள். சீழ்க்கை. மெல்லிய, ஈரமான சீழ்க்கை. திரும்ப வந்துவிட்டது.

மேலங்கியின் பொத்தான்களைக் கழற்றினாள். மதலேனாவைத் தலையணை உறையோடு எடுத்துத் தன் வயிற்றோடு, உள்சட்டைக்கு மேல் வைத்து, மேலங்கியை மூடினாள். அவளுடைய உடம்பு முப்பத்தேழு பாகை. அதைவிட நல்ல ஹீற்றர் இந்த வீட்டில் இல்லை.

நுரைப்பெட்டிக்கு முன்னால், சுவரோடு முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தாள். மாற்றி எடுத்த பழைய பை ஒன்று அறை நடுவில் கிடந்தது. அதில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. பிறகு எடுக்கலாம் என்று விட்டாள்.

மெழுகுதிரிச் சுவாலைகள் இரண்டும் கதவுப் பக்கம் சாய்ந்தன.

காற்றில்லை. அவை ஆடவும் இல்லை. யாரோ மெல்ல உறிஞ்சி இழுப்பதுபோல, இரண்டும் ஒரே பக்கம் நீண்டு, மெலிந்து நின்றன. அறை நடுவில் கிடந்த பையின் ரப்பர் விறைத்துச் சடக்கென்று ஒரு சத்தம். பிறகு இன்னொரு சடக். உள்ளே தண்ணீர் உறைகிற சத்தம்.

பெனிற்றா துவக்கைத் தூக்கினாள்.

கதவுக்கு இடப்பக்கச் சுவர், பன்னிரண்டு. வலப்பக்கச் சுவர், பன்னிரண்டு. கதவின் நடு. சிவப்புப் பொட்டு மரத்தில் தெளிவாக விழுந்தது. இலக்கம் சய ஏழு.

மெல்ல மேலே கொண்டுபோனாள். சய ஏழு. சய ஏழு. சய எட்டு. பிறகு திடீரென்று பதினொன்று. அவ்வளவுதான் உயரம். அவளுடைய உயரம். இடப்பக்கம் நகர்த்தினாள், ஒரு சாண், இரண்டு சாண், பதினொன்று. வலப்பக்கம் அதேபோல. கீழே இறக்கினாள். இரண்டாகப் பிரிந்தது. நடுவில் பதினொன்று, இரு புறமும் சய எட்டு. கால்கள்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கதவும் கதவில் தொங்கிய துவாயும்தான் தெரிந்தன.

விசையிலிருந்து விரலை எடுத்தாள். மூச்சை விட்டாள். திரும்ப அமர்த்தினாள்.

கதவு பதினொன்று.

அது கதவில் இல்லை.

பெனிற்றா துவக்கை அறை முழுக்கச் சுழற்றினாள். அலுமாரி பன்னிரண்டு. மேசை பன்னிரண்டு. வெறும் பெட்டிகள் பத்து. கம்பளம். கிடந்த பைக்குப் பக்கத்தில், கம்பளத்துக்கு மேலே. சய ஏழு. இந்தமுறை உயரமில்லை. இடுப்பளவு. அது குந்தியிருந்தது.

"போ," என்றாள். "வெளிய போ. உனக்குத் தர இஞ்ச ஒண்டுமில்லை."

ஒரு மெழுகுதிரி அணைந்தது.

இப்போது ஏதோ தெரிந்தது. குளிர்நாளில் கண்ணாடியில் விட்ட மூச்சு போல, பைக்குப் பக்கத்தில் காற்றே கொஞ்சம் தடித்திருந்தது. பையில் இருந்த சூட்டைக் குடித்துத்தான் அது அவ்வளவு தடித்திருக்கிறது. அவளுக்கு அது விளங்கியது. இன்னும் குடித்தால் இன்னும் தெரியும் என்பதும் விளங்கியது. வயிற்றில் மதலேனா இறுகியது. முதல்தடவையாக அவளைச் சுற்றிப் பிடித்தது.

பெனிற்றா காலை நீட்டி, அந்த விறைத்த பையைக் குதிக்காலால் உதைத்துக் கதவடிக்குத் தள்ளினாள். காலில் அந்தக் குளிர் பட்டது. பட்ட இடம் செத்துப்போனது. பெருவிரல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. இருந்தது. வெள்ளையாக இருந்தது.

"முடிஞ்சா என்னைத் தாண்டிப் போ," என்றாள். பெட்டியை முதுகால் இன்னும் சுவரோடு நெருக்கினாள்.

அது அசையவில்லை. காத்திருந்தது. கனகாலம் காத்திருந்து பழகிய ஒன்று காத்திருப்பதுபோல.

தொலைபேசி அதிர்ந்தது. தர்மிகா. பற்றரி ஆறு வீதம்.

"மாமி, வந்திட்டன். வாசல் கதவு திறந்துதான் கிடக்கு. உங்கட வீட்டில ஆக்களோ?"

"என்ன?"

"படி முழுக்க ஆக்கள் இருக்கினம். ஒவ்வொரு படியிலயும். எக்ஸ்கியூஸ் மீ எண்டு சொன்னன், ஒருத்தரும் விலகினம் இல்லை. ரோர்ச் அடிக்கிறன், திரும்பியும் பாக்கினம் இல்லை. எல்லாரும் மேல பாத்தபடி." தர்மிகாவின் பற்கள் அடித்தன. "கோட் ஒண்டும் போடேல்லை மாமி. வெறுங்கால். சின்னப் பிள்ளையளும் இருக்கு."

பெனிற்றா தொலைபேசியைக் காதோடு அழுத்தினாள்.

"பிள்ளை, கேள். சாமானை அதிலயே போட்டிட்டுப் போ. காரில ஏறிப் போ."

"மாமி, இவை ஆர்?"

"தெரியாது. போ."

பிறகு தர்மிகா மிக மெல்லமாகப் பேசினாள். "மாமி, இப்ப ஒராள் திரும்பிறார்."

"ஓடு தர்மிகா."

"என்ர கால் விறைக்குது. தூக்க ஏலாமக் கிடக்கு. எல்லாரும் திரும்பினம். என்னட்டைத்தான்…"

தொலைபேசி செத்தது.

அதன்பிறகு பெனிற்றா யோசிக்கவில்லை. எழும்பினாள். விறைத்த காலை இழுத்துக்கொண்டு, அறையில் குந்தியிருந்ததன் பக்கத்தாலேயே போனாள். இடது தோளில் அது பட்டது, பல்லுக்குள் பனிக்கட்டி போனதுபோல. கதவைத் திறந்தாள். குசினியில் பெரிய பானை அடுப்பில் கொதித்தபடி இருந்தது. நாலு அடுப்பையும் முழுவதாகத் திறந்து கொளுத்தினாள். பானையைத் துணி பிடிக்காமலே தூக்கினாள். கை எரிந்தது, எரியட்டும். நடை முடிவுக்குப் போய்ப் படிக்கதவை முழங்கையால் தட்டித் திறந்தாள்.

கீழே இருட்டு. இருட்டில் தர்மிகாவின் ரோர்ச் வெளிச்சம் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கும் அவளுக்கும் நடுவில் முதுகுகள். படிக்குப் படி முதுகுகள். மெலிந்த தோள்கள், ஒட்டிய தலைமயிர். எல்லாம் கீழ்நோக்கித் திரும்பி, அந்தப் புள்ளியின் பக்கம் மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தன.

"இஞ்ச," என்று பெனிற்றா கத்தினாள். "சூடு இஞ்ச இருக்கு. அங்க இல்லை."

பானையைச் சரித்தாள். கொதிதண்ணீர் மேற்படிகளில் விழுந்து பரவியது. வெள்ளையாக ஆவி எழும்பி, அவள் முகத்தை மறைத்து, படிகள் வழியே கீழே இறங்கியது. ஒரு முனகல், வீடு முழுக்க ஒரேயடியாக. பாரம் மாறுகிற முனகல்.

தலைகள் திரும்பின. ஒவ்வொன்றாக. அவளை நோக்கி.

"ஓம். நான்தான்," என்றாள். "வாங்கோ."

கீழே வாசல் கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. பனியில் சறுக்கி ஓடுகிற காலடிகள். கார்க் கதவு. எஞ்சின். அந்தச் சத்தம் தெருமுனையில் திரும்பித் தேய்ந்து போகும்வரை பெனிற்றா அசையாமல் நின்றாள். பிறகுதான் பின்னால் நடக்கத் தொடங்கினாள். முதுகு காட்டவில்லை. ஒவ்வொரு அடியாக, நடை, அறைக்கதவு, கம்பளம். நுரைப்பெட்டி குதிக்காலில் முட்டியது. அதோடு சாய்ந்து நிலத்தில் இருந்தாள்.

குசினியில் நாலு அடுப்பும் ஒன்றன்பின் ஒன்றாகப் பொக், பொக் என்று அணைவது கேட்டது. புதுவகை அடுப்பு, சுவாலை அணைந்தால் காஸ் தானாக நிற்கும். அந்த நேரத்திலும் அவளுக்கு அது ஞாபகம் வந்தது. பிறகு மற்ற மெழுகுதிரியும் அணைந்தது.

இருட்டு.

உடுப்புகள் உரசுகிற சத்தம். வெறுங்கால்கள் கம்பளத்தில். நிறைய. ஒன்றையொன்று இடிக்காமல், பொறுமையாக, இடம் பார்த்துப் பார்த்து. ஈர மண் மணம். முழங்கால்கள் மடிகிற சடக். சடக். ஒரு சின்னச் சடக், மிகக் கிட்ட.

பெனிற்றா மேலங்கிக்குள் கையை விட்டாள். மதலேனா அங்கே இருந்தது. மூச்சு விட்டது. சீழ்க்கை இல்லை. அவளுடைய சூட்டில் நெஞ்சு இளகியிருந்தது. முதுகுக்குப் பின்னால் பெட்டிக்குள் ஆண்டகை நகத்தால் பிறாண்டினார். எல்லாம் உயிரோடிருந்தன. ஒன்றும் போகவில்லை.

"இதுகள் உங்களுக்கில்லை," என்று இருட்டுக்குச் சொன்னாள். உதடுகள் விறைத்திருந்ததால் சொற்கள் வழுக்கின. திரும்பவும் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக. "இதுகளைத் தரமாட்டன்."

இன்னொரு சடக், இன்னும் கிட்ட.

எவ்வளவு நேரமென்று தெரியாது. விரல்கள் போயின. முழங்கால் போனது. அவள் கண்ணை மூடவில்லை. தெரிந்த செபங்களைச் சொல்லிப் பார்த்தாள். நடுவில் சொற்கள் மறந்தன. விட்டுவிட்டு ஓணானுக்கு எத்தனை மணிக்கு என்ன தீனி என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எங்கோ சுவருக்குள் ஒரு இரைச்சல். கொதிகலன் இருமி ஓடத் தொடங்கியது.

வெளிச்சம் வந்தது.

கூரை விளக்கு. கூடவே வெறும் பெட்டிகளுக்கு மேல் சூட்டு விளக்குகள் நாலும், சிவப்பாக, ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. அறையில் இடமில்லை. கம்பளத்தில், மேசைக்குக் கீழே, கதவு நிலையில், நடையில், நடையிலிருந்து படிக்கதவு வரை, நெருக்கி நெருக்கி அவர்கள் குந்தியிருந்தார்கள். இப்போது மூச்சுப் புகை போல இல்லை. தோல் தெரிந்தது, நீலம் பாய்ந்த தோல். வெடித்த உதடுகள் தெரிந்தன. ஒரு கிழவர். கைக்குழந்தையை மடியில் வைத்த பெண். காதில்லாத ஒருவன். முன்வரிசையில் மூன்று பிள்ளைகள், அவளுடைய பாதத்தைத் தொட ஒரு சாண்தான் இருந்தது.

சிவப்பு விளக்குகள் சூடு தந்துகொண்டிருந்தன. ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பெனிற்றா விறைத்த விரல்களால் மேலங்கியின் மேல் பொத்தானைத் தேடிப் பிடித்துப் பூட்டினாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

அவர்கள் எல்லோரும், கிழவரும் பெண்ணும் பிள்ளைகளும், நடையில் கடைசியாக இருந்தவன் வரையும், மூட்டிய நெருப்பைச் சுற்றி இருப்பவர்கள் போல உள்ளங்கைகளை விரித்து அவள் பக்கம் நீட்டிப் பிடித்திருந்தார்கள்.